கொசுறு கறிவேப்பிலையும் கொசுறு ரூமும்

பண்ணைப்புரம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் "இளையராஜா ஊர்" என்பார்கள். மீதி ஒருத்தர் அந்த ஊர்க்காரராக இருப்பார். அவரும் அதையேதான் சொல்வார், கொஞ்சம் சத்தமாக!

தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா. தேவாரத்துக்கும் கோம்பைக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற பேரூராட்சி. காலையில் எழுந்து வாசலில் நின்றால் மலைதான் முதலில் கண்ணில் படும். மலைக்கு மேலே கேரளா, ஏலத்தோட்டங்கள். கீழே தென்னை, வாழை. கொஞ்சம் தெற்கே போனால் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை. இந்த ஊரில் ஸ்டார் ஹோட்டல் கிடையாது. ஆனால் ஸ்டார் ஹோட்டலில் வருஷத்துக்கு நூறு ராத்திரி தூங்குகிற ஒருத்தர் இந்த ஊரில் உண்டு. அவர் கதைதான் இது.

நம்மாளு ஒரு சொட்டுநீர்ப் பாசனக் குழாய் கம்பெனியில் விற்பனைப் பிரிவு. 2009-ல் வேலைக்குச் சேர்ந்தபோது கம்பெனி கொடுத்த தங்கும் படிக்கு லாட்ஜ்தான் கட்டுப்படியாகும். 2013-ல் பதவி உயர்வு. தமிழ்நாடு போதாதென்று கர்நாடகமும் ஆந்திராவும் அவர் தலையில் விழுந்தன. கூடவே படியும் உயர்ந்தது. லாட்ஜிலிருந்து ஸ்டார் ஹோட்டலுக்கு மாறினார். ரிசப்ஷனில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு கேட்டார், "சார், எங்க மெம்பர்ஷிப்ல சேர்றீங்களா? ஃப்ரீதான் சார்."

ஃப்ரீ என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? சேர்ந்தார்.

*

இந்த மெம்பர்ஷிப் சமாச்சாரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

காய்கறிக் கடையில் ஒரு கிலோ கத்தரிக்காய் வாங்கினால் கடைக்காரர் ஒரு கொத்து கறிவேப்பிலையைத் தூக்கிப் போடுகிறார் அல்லவா? அதுதான் கொசுறு. மளிகைக்கடையில் தை பிறந்ததும் காலண்டர் கொடுப்பார்கள். எப்போதாவது வருபவருக்குக் கைக்கடக்கமான காலண்டர். மாசா மாசம் பட்டியல் போட்டு வாங்குகிற வாடிக்கைக்காரருக்கு முருகன் படம் போட்ட பெரிய காலண்டர். அந்தப் பெரிய காலண்டருக்குப் பெயர்தான் ஸ்டார் ஹோட்டல் பாஷையில் 'எலைட் ஸ்டேட்டஸ்'.

வெள்ளைக்காரர்கள் இதை முறையாக எழுதி வைத்து வியாபாரம் ஆக்கினார்கள். அமெரிக்காவில் 1896-லேயே ஸ்பெர்ரி அண்ட் ஹட்சின்சன் என்ற கம்பெனி பச்சை ஸ்டாம்பு கொடுக்க ஆரம்பித்தது. கடையில் சாமான் வாங்கினால் ஸ்டாம்பு. புத்தகத்தில் ஒட்டி நிரப்பிக் கொடுத்தால் பரிசுப் பொருள். 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானப் பயணத்துக்கு மைல் கணக்குத் திட்டத்தைத் தொடங்கியது. 1983-ல் ஹாலிடே இன், மேரியட் இரண்டும் ஹோட்டலுக்கு அதைக் கொண்டு வந்தன. 1999-ல் ஸ்டார்வுட் வந்து, 'சீசன் நாளில் பாயிண்ட் செல்லாது என்ற கதையே கிடையாது' என்று அறிவித்துப் போட்டியைச் சூடாக்கியது. அந்த ஸ்டார்வுட்டை 2016-ல் மேரியட் வாங்கிவிட்டது. இரண்டு திட்டமும் கலந்து 2019-ல் 'பான்வாய்' என்று பெயர் மாறியது. இன்று அதில் 20 கோடிக்கு மேல் உறுப்பினர்கள். தமிழ்நாட்டு மக்கள்தொகையைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்!

அதில் படிகள் உண்டு. வருஷத்துக்கு 10 ராத்திரி தங்கினால் சில்வர், 25-க்கு கோல்டு, 50-க்கு பிளாட்டினம், 75-க்கு டைட்டானியம். மற்ற சங்கிலி ஹோட்டல்களிலும் எண்ணிக்கை கொஞ்சம் முன்பின் இருக்குமே தவிர சங்கதி ஒன்றுதான். நம் ஊர் தாஜுக்கும் ஐ.டி.சி.க்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு. தாஜில் கிடைக்கும் நியூகாயின் ஒன்றுக்கு ஒரு ரூபாய் மதிப்பு. கணக்கில் மண்டு என்றாலும் புரிந்துவிடும்.

பாயிண்ட் ஒரு பக்கம். ஆனால் நம்மாளை மயக்கியது பாயிண்ட் அல்ல, அப்கிரேடு. சாதாரண ரூமுக்கு புக் செய்துவிட்டுப் போனால், "சார், உங்களுக்கு ஸ்வீட் ரூம் கொடுத்திருக்கோம்" என்பார்கள். (ஸ்வீட் என்றால் இனிப்பு இல்லை மக்களே. முன்னால் ஹால், பின்னால் படுக்கையறை என்று வீடு மாதிரி இருப்பது.) 2016-ல் முதல் தடவை ஹைதராபாத்தில் அப்படி ஒரு ரூம் கிடைத்தபோது அவர் தூங்கவே இல்லையாம். ஹாலில் கொஞ்ச நேரம், படுக்கையறையில் கொஞ்ச நேரம், மறுபடி ஹாலில் கொஞ்ச நேரம். பண்ணைப்புரத்து வீட்டில் அப்போது மொத்தமே ஒரு பத்தியும் ஒரு அறையும்தான்.

*

ஹோட்டல்காரனுக்கு இதில் என்ன லாபம்? பி.காம் படிக்கிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

ஹோட்டல் ரூம் என்பது மல்லிகைப்பூ மாதிரி. இன்று ராத்திரி விற்காத ரூமை நாளைக்குச் சேர்த்து வைத்து விற்க முடியாது. சாயங்காலம் பூக்காரம்மா மீதிப் பூவை என்ன விலைக்காவது தள்ளிவிடுகிறார் இல்லையா? ஹோட்டல்காரர் அப்படிச் செய்தால் விலை கெட்டுவிடும், மற்ற வாடிக்கையாளர்களும் அதே விலை கேட்பார்கள். அதனால் விலையைக் குறைக்காமல், காலியாகக் கிடக்கும் பெரிய ரூமை வாடிக்கைக்காரருக்குச் சும்மா கொடுக்கிறார். அவருக்கு ஆகும் கூடுதல் செலவு கொஞ்சம் மின்சாரம், கொஞ்சம் துப்புரவு வேலை. வாங்கிக்கொள்கிறவருக்கோ அது பல ஆயிரம் ரூபாய்ப் பெருமை.

இன்னொரு தந்திரமும் உண்டு. சாதாரண ரூம் 60 இருந்தால் 65 வரைக்கும் புக்கிங் எடுத்துக்கொள்வார்கள். கூடுதலாக வந்த ஐந்து பேரை மேலே இருக்கிற ரூமுக்கு ஏற்றிவிடுவார்கள். யாரை ஏற்றுவது? மெம்பரை. ஆக, பல நேரங்களில் அப்கிரேடு என்பது மரியாதை மட்டும் அல்ல, ஹோட்டலின் இடநெருக்கடிக்குத் தீர்வும் அதுதான்.

பாயிண்ட் கணக்கு இன்னும் சுவாரசியம். இந்தியாவில் 2018 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் இந்திய கணக்கியல் தரம் 115 என்ன சொல்கிறது? ரூமோடு பாயிண்டும் கொடுத்தால் நீ இரண்டு பொருள் விற்றிருக்கிறாய், வாங்கிய காசை இரண்டுக்கும் பிரி என்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. ரூம் வாடகை ரூ. 6,000. கூடவே கொடுத்த பாயிண்டின் மதிப்பு ரூ. 400 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,400 மதிப்புள்ள சரக்கை 6,000-க்குக் கொடுத்திருக்கிறார்கள். விகிதப்படி பிரித்தால் ரூமுக்கு 5,625, பாயிண்டுக்கு 375. அந்த 375 ரூபாயை இன்றைக்கு வருமானமாகக் காட்டக்கூடாது. வாடிக்கையாளர் பாயிண்டைப் பயன்படுத்தும் வரை அது கடன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதாவது உங்கள் போனில் இருக்கும் பாயிண்ட், அவர்கள் புத்தகத்தில் கடன்.

அப்படியானால் ஹோட்டல்காரர் நமக்குக் கடன்பட்டவரா? ஆமாம். ஆனால் கடனைத் திருப்பிக் கேட்க மறந்துபோகிறவர்கள் நிறையப் பேர். அந்த மறதிக்கும் கணக்கில் ஒரு பெயர் உண்டு, 'பிரேக்கேஜ்'. நூறு பாயிண்டில் எத்தனை திரும்பி வராது என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, அதற்கேற்பக் கடனைக் குறைத்துக் காட்டலாம். நம் மறதியைக்கூட அவர்கள் கணக்கில் சேர்த்தாயிற்று!

சரி, கடன்காரனே காணாமல் போய்விட்டால்? அதற்கும் நம் நாட்டில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸ் நின்றது. விமானமே பறக்காதபோது அதன் கிங் கிளப் மைல்களை வைத்துக்கொண்டு எங்கே பறப்பது? 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றது. ஆனால் அதன் ஜெட்பிரிவிலேஜ் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் தப்பித்து, அதே வருஷம் இன்டர்மைல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. யாரிடம் பாயிண்ட் சேர்க்கிறோம் என்பதைவிட, அந்தப் பாயிண்ட் எந்தக் கம்பெனியின் புத்தகத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

*

நம்மாளுக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி செக்-இன் செய்தால் அப்கிரேடு கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். உண்மைதான். தொழில் நகரத்து ஹோட்டல்கள் திங்கள் முதல் வியாழன் வரை நிரம்பி வழியும். ஞாயிறு ராத்திரி ஈயாடும். ஏன் ஈயாடும்? மற்ற எல்லாரும் அன்றைக்கு அவரவர் வீட்டில் இருப்பார்கள்.

அதனால் திங்கள் காலையில் கிளம்பினால் போதும் என்கிற ஊருக்கும் ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததுமே பையைத் தூக்கினார். அம்மா தினமும் கேட்கிற கேள்வியைக் கேட்பார்.

"ஏய்யா, வெடியக்காலம் போனா ஆகாதா?"

"இல்லம்மா, இப்பப் போனாத்தான் நல்ல ரூமு கெடைக்கும்."

அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். தேவாரம் ரோட்டில் பஸ் வருகிற சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து வாசலுக்கு வருவார்.

2018 ஆவணி. விஜயவாடாவில் ஒரு ஞாயிறு ராத்திரி. அன்றைக்கும் பெரிய ரூம்தான் கிடைத்தது. ஹாலில் மேஜை மேல் போனை சார்ஜில் போட்டுவிட்டு, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். ஏசி சத்தம் வேறு. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து வந்து பார்த்தால் போனில் பதினான்கு தவறிய அழைப்புகள். முதல் அழைப்பு ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு. அப்பாவுக்கு நெஞ்சுவலி. பண்ணைப்புரத்திலிருந்து தேனிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கடைசி அழைப்பு மூன்றரைக்கு. அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

காலை விமானம் பிடித்துச் சென்னை, அங்கிருந்து மதுரை. மதுரையிலிருந்து தேனிக்கு அப்போது ரயில் கிடையாது. மீட்டர்கேஜ் பாதையை 2010 கடைசியில் மூடியது, அகலப் பாதையில் தேனிக்கு ரயில் திரும்பி வந்தது 2022 மே மாதம்தான். கார் பிடித்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் நாலு மணி. பதினொன்றே முக்காலுக்கே போனை எடுத்திருந்தாலும் அவரால் உயிரோடு பார்த்திருக்க முடியாது. விஜயவாடா எங்கே, தேனி எங்கே. அது அவருக்கும் தெரியும். ஆனால் போனில் அப்பாவிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வண்டிக்குள் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாராம்.

பெரிய ரூம் கிடைத்ததால்தான் போன் சத்தம் கேட்கவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "போன் சைலண்ட்ல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டார். நாலைந்து நாள் கழித்து ஹோட்டலிலிருந்து மெயில் வந்தது. விஜயவாடா, ஓர் இரவு, இத்தனை பாயிண்ட் வரவு, மெம்பர் என்பதால் இத்தனை போனஸ்.

*

இதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. வேலை அது. நிறுத்திவிட்டு என்ன செய்வார்? பாயிண்ட் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. 2020-ல் கொரோனா வந்து ஊரே அடங்கியபோது ஏழு மாசம் வீட்டிலேயே இருந்தார். அந்த வருஷம் உலகம் பூரா ஹோட்டல் சங்கிலிகள் வேறு வழியில்லாமல் மெம்பர்களின் தகுதியை அப்படியே நீட்டித்தன. தங்காமலே தகுதி கிடைத்த வருஷம் அது. அம்மாவுக்கும் அந்த ஏழு மாசம் போல சந்தோஷமான காலம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

2023-ல் அவருக்கு ஒரு யோசனை. சேர்ந்த பாயிண்டை எல்லாம் அம்மாவுக்காகச் செலவு செய்துவிட வேண்டும்.

அவர் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் ஏலக்காட்டு வேலை. அடிவாரத்து ஊர்களிலிருந்து விடிகாலையில் ஜீப் கிளம்பும். பத்துப் பேர் போக வேண்டிய வண்டியில் இருபது பேர். போடிமெட்டு வழியாகவோ கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ கேரளத் தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் திரும்பும். காய் எடுக்கிற பருவத்தில் சில சமயம் அங்கேயே லயத்தில் தங்கிவிடுவார்கள். லயம் என்பது வரிசையாக ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. வீட்டை விட்டால் அம்மா ராத்திரி தங்கிய இடம் அது ஒன்றுதான். ஹோட்டல் அறையில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை.

தேக்கடிப் பக்கம் ஒரு நல்ல ரிசார்ட். இரண்டு ராத்திரி. அதற்கு அவர் கொடுத்த பாயிண்ட் சுமார் நாற்பது ராத்திரியில் சேர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது ராத்திரி, தலைக்கு ஆறாயிரம் என்றால் 2,40,000 ரூபாய். அது கம்பெனி கொடுத்த காசு. கிடைத்தது ஒரு ராத்திரி பன்னிரண்டாயிரம் வீதம் 24,000 ரூபாய் ரூம். நூற்றுக்குப் பத்து கொசுறு. காசு கம்பெனியுடையது, கொசுறு இவருடையது. வகுப்பில் ஏஜென்சி பிரச்சினை என்று படிப்போமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அந்த நாற்பது ராத்திரியும் வீட்டில் அம்மா தனியாக இருந்ததைக் கம்பெனியும் எழுதவில்லை, ஹோட்டலும் எழுதவில்லை.

"பெரிய ரூமாத் தருவாங்கம்மா. முன்னால ஹாலு, பின்னால படுக்க தனி ரூமு. ஜன்னலத் தொறந்தா மலை."

"மலையப் பாக்க அங்க எதுக்குய்யா போகணும்? இங்கயே தெரியுதே."

ஆனாலும் கிளம்பினார். டிசம்பர் கடைசி வாரம். உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப். மலையில் ராட்சசக் குழாய்கள் இறங்குகிற இடத்தைத் தாண்டி ஏறினால் குமுளி. ஒன்றரை மணி நேரத்துப் பயணம். வழியெல்லாம் ஐயப்பன் மாலை போட்ட வண்டிகள். கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம் வேறு.

இத்தனை வருஷம் அப்கிரேடு வாங்கிய அனுபவசாலிக்கு அந்த இடத்தில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை.

ரிசப்ஷனில் இருந்த பெண் பவ்யமாகச் சொன்னார், "சார், ரூம் ரெடி. ஆனா அப்கிரேடு இன்னைக்கு இல்ல சார். எல்லாம் ஃபுல். சப்ஜெக்ட் டு அவைலபிலிட்டி சார்."

இருந்தால் தருவோம். எல்லா ஹோட்டல் மெம்பர்ஷிப்பிலும் பொடி எழுத்தில் இருக்கிற வாசகம் இது. இதற்குப் பின்னால் இருக்கிற உண்மை என்ன தெரியுமா? பெரிய சங்கிலிப் பெயர்கள் பலவற்றில் பெயர் ஒருத்தருடையது, கட்டடம் இன்னொருத்தருடையது. இந்தியாவில் மேரியட், ஹயாத் பெயரில் இருக்கிற ஹோட்டல்களில் பலவும் சாலே, சம்ஹி, ஜூனிபர் போன்ற வேறு கம்பெனிகளுக்குச் சொந்தம். பெரிய ரூம் தருவதாக வாக்குக் கொடுப்பது பெயர்க்காரர். ரூமை வைத்திருப்பது கட்டடக்காரர். சீசன் நாளில் முப்பதாயிரத்துக்கு விற்கிற ரூமை, பாயிண்டில் வந்தவருக்குச் சும்மா கொடுக்க அவருக்கு என்ன தலையெழுத்து?

இதெல்லாம் தெரிந்தும் நம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. எத்தனை வருஷ மெம்பர், எத்தனை ராத்திரி, மேனேஜரைக் கூப்பிடுங்கள், மெயில் போடுவேன் என்று குரல் உயர்ந்தது. சோபாவின் நுனியில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா மெல்ல எழுந்து வந்தார்.

"ஏய்யா, கூலியக் கொறச்சுப்புட்டாங்களா?"

"இல்லம்மா. பெரிய ரூமு தர்றேன்னாங்க, இப்ப இல்லங்கிறாங்க."

"இந்த ரூமுக்கு நீ காசு குடுத்தியா?"

"காசு இல்லம்மா, பாயிண்டு."

"அப்பறம் எதுக்குய்யா அந்தப் புள்ளயப் போட்டு வையிற? அதுவும் கூலிக்கு நிக்கிற புள்ளதான?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார். நம்மாளு சாவியை வாங்கிக்கொண்டார்.

நடந்து போகும்போது அம்மா ஒரு விஷயம் சொன்னார். ஏலக்காட்டில் நாற்பது நாள் விடாமல் வேலைக்குப் போனால் கங்காணி அந்த ஆளைக் கவனித்து வைத்துக்கொள்வாராம். பள்ளத்துக்குள் இறங்காத, அட்டைக்கடி குறைந்த நிரையாகப் பார்த்து விடுவாராம்.

"ஆனா அன்னைக்கி ஆள் ஜாஸ்தியா வந்துட்டா அதுவும் கெடையாது. யாருக்கு எது வாய்க்குதோ அதான். அதுக்காகக் கங்காணிகிட்டச் சண்டைக்கு நின்னா மறுநா ஜீப்புல எடமிருக்காது."

மக்களே, ஹோட்டல் மெம்பர்ஷிப் விதிமுறைகள் ஐம்பது பக்கம் இருக்கும். அதன் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாது.

*

வழக்கம் வேறு, உரிமை வேறு. இது பண்ணைப்புரத்துக்காரர்களுக்குப் புதிதும் அல்ல. அந்த ஊரின் மிகப் பெரிய பிள்ளை, சென்னை பிரசாத் ஸ்டுடியோவில் ஒரே அரங்கில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இசையமைத்தார். எல்.வி.பிரசாத் காலத்தில் கிடைத்த இடம். நிர்வாகம் தலைமுறை மாறியது. 2019-ல் தகராறு வந்து, விஷயம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. கடைசியில் இளையராஜா அங்கிருந்து வெளியேறி, எம்.எம். பிரிவியூ தியேட்டர் இருந்த இடத்தில் 2021 பிப்ரவரியில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். யார் பக்கம் நியாயம் என்பது இங்கே பேச்சில்லை. நாற்பது வருஷ வாடிக்கை கூட, எழுதி வைத்த உரிமைக்கு ஈடாகாது என்பதுதான் விஷயம். ராஜாவுக்கே அந்தக் கதி என்றால் பிளாட்டினம் கார்டு எம்மாத்திரம்?

லாட்ஜ் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். நம்மாளு 2009-ல் வாடிக்கையாகத் தங்கிய புதுக்கோட்டை லாட்ஜில் ஒரு மேனேஜர் இருந்தார். கார்டும் இல்லை, பாயிண்டும் இல்லை. ரோட்டுச் சத்தம் கேட்காத மாடி ரூமை இவருக்கென்று பிடித்து வைப்பார். ஒரு தடவை காய்ச்சலோடு போய் இறங்கியபோது பையனை அனுப்பிக் கஞ்சி வாங்கி வரச் சொன்னார். அது எந்த விதிமுறையிலும் இல்லாத உபசாரம். ஆனால் அதே மேனேஜர் முகூர்த்த நாளில் கல்யாண வீட்டார் மொத்தமாக ரூம் கேட்டால், "தம்பி, இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்று வேறு லாட்ஜுக்கு அனுப்பியும் இருக்கிறார். வித்தியாசம் என்னவென்றால், அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. அதனால் இவருக்குக் கோபமும் வரவில்லை.

*

கிடைத்த சாதாரண ரூம் நன்றாகவே இருந்தது. ஒரே அறை, இரண்டு கட்டில். ஜன்னலுக்கு வெளியே மலை இல்லை, தோட்டம். நடைபாதை ஓரம் அழகுக்காக ஏலச்செடி வைத்து, பெயர்ப் பலகை நட்டிருந்தார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா போய்க் குனிந்து தூரை விலக்கிப் பார்த்தார்.

"காஞ்ச சருகு கூட எடுக்கல. இப்படி அடைஞ்சு கெடந்தா எங்குட்டுக் காய்க்கும்?" என்று நாலு தூரைச் சுத்தம் செய்தே விட்டார். தோட்டக்காரர் ஓடி வந்தார். அம்மா பேசியதைக் கேட்டதும் தமிழ் புரிந்துவிட்டது. அவரும் கூடலூர்ப் பக்கம்தான். இரண்டு பேரும் அரை மணி நேரம் பழைய எஸ்டேட் கதை பேசினார்கள். இரண்டு நாளில் அம்மாவுக்கு அங்கே மிகவும் பிடித்தது அந்த அரை மணி நேரம்தான்.

ராத்திரி சாப்பிட்டு வந்து படுத்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. தைலம் தேய்த்துவிட்டு விளக்கை அணைத்தார். இருட்டில் அம்மா சொன்னார்.

"நல்லவேளையா சின்ன ரூமாக் குடுத்தாங்கய்யா. நீ பாட்டுக்கு அந்தப் பக்கம் கதவச் சாத்திட்டுத் தூங்கிட்டீன்னா, ராத்திரி நாங் கூப்புட்டா உனக்கு எப்பிடிக் கேக்கும்?"

அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தார். விளக்கைப் போடாமலே, விஜயவாடாவில் என்ன நடந்தது என்பதை ஐந்து வருஷம் கழித்து அம்மாவிடம் சொன்னார். ஹால், மேஜை, சார்ஜர், சாத்திய கதவு, எல்லாம்.

அம்மா முழுசாகக் கேட்டார்.

"நீ எடுக்கலன்னதும் தூங்கிருப்பான், எழுப்பாதன்னு சொன்னாருய்யா உங்கப்பா. நாந்தேன் கேக்காம அடிச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார். பிறகு, "படு" என்றார்.

நம்மாளு இப்போதும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார். போடி வரைக்கும் 2023 ஜூனிலேயே ரயில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிளம்புவதை விட்டுவிட்டார். திங்கள் விடிகாலை புறப்படுகிறார். வருஷத்துக்கு நாற்பது ராத்திரிக்குமேல் குறைந்துவிட்டதால் கார்டு ஒரு படி கீழே இறங்கிவிட்டது. "உங்கள் தகுதியைத் தக்கவைத்துக்கொள்ள இன்னும் சில இரவுகளே" என்று ஹோட்டலிலிருந்து மெயில் வந்துகொண்டே இருக்கிறது. எந்த ரூம் கொடுத்தாலும் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார்.